லிஃப்ட்காரரின் காலை மாத்திரை

லிஃப்ட்காரர் மூன்றாவது தடவையாக ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது வாசல் காவலாளி எதுவும் விசாரிக்கவில்லை. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, அதே வார்டுதானே என்று மட்டும் கேட்டார். மாப்பிள்ளை வந்து இறங்கியதுபோல ஒரு மரியாதை. பழைய குருடி கதவைத் திறடி என்று அவர் மனைவி முணுமுணுத்தது சக்கரச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

அவருக்கு இதயம் களைத்துப்போயிருந்தது. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். இதயம் களைத்தால் உடம்பில் நீர் தங்கிவிடும். முதலில் காலில் இறங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து ஊசி போட்டால் நீரெல்லாம் இறங்கி, கால் பழையபடி காலாகிவிடும். தினமும் காலையில் நீர் இறங்குவதற்கு ஒரு மாத்திரை, சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். சில வாரம் போகும். கால் தூண் மாதிரி ஆகும். சொந்தச் செருப்புக்குள் பாதம் நுழையாமல் மகனுடைய பெரிய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்க வந்து நிற்பார்.

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகத்தில் லிஃப்ட் ஓட்டினவர். ஓய்வு பெற்றும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். முதலாளியிலிருந்து தண்ணீர்க் கேன் தூக்குகிறவர் வரை எல்லோரையும் ஏற்றி இறக்கிவிட்டு, கடைசி ஆளாக வெளியே வருவது அவருக்குப் பழக்கம். பணி நேரத்தில் ஒருநாளும் லிஃப்ட்டை விட்டு நகர்ந்தவரில்லை. சிறுநீர் முட்டினாலும் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு நிற்பார். அது அவருக்குப் பெரிய பெருமை. மற்றவர்கள் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவர் தம்முடைய சிறுநீர்ப்பையைப் பற்றிப் பேசுவார்.

முதல் தடவை திரும்பி வந்தபோது டாக்டரின் சந்தேகம் உப்பின் மேல் விழுந்தது. உப்பின் மேல் விழுந்தால் அது சமைக்கிறவர் மேல் விழுந்ததாகத்தானே அர்த்தம். அம்மா, நீங்க உப்புல கொஞ்சம் கையை அடக்கணும் என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்கு வந்த கையோடு உப்பு டப்பாவை எடுத்து, துணி அலமாரியில் நகையோடு வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் உப்பு கிடையாது. மகன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். மருமகள் தன் அலுவலக மேஜை இழுப்பறையில் ஒரு சின்னப் பொட்டலம் வைத்துக்கொண்டாள். கல்லூரிக்கும் பள்ளிக்கும் போகிற இரண்டு பேத்திகளும் தோழிகள் வீட்டில் படிக்கப் போவது திடீரென்று அதிகமாயிற்று. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வாய்விட்டுச் சொன்னது ஒரே ஆள், அந்த அம்மாளின் தம்பி. சொல்லிவிட்டு இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டான்.

இந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா வீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பையோடு வந்தவன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். விருந்து எட்டாவது மாதத்தில் இருந்தது. மருந்து மூன்று நாள்கூடத் தாண்டவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

உப்பைப் பூட்டியும் லிஃப்ட்காரர் திரும்பி வந்தார். பிறகு மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவை டாக்டர் பார்த்த பார்வையில் அந்த அம்மாள் வார்டு ஜன்னலோரம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். லிஃப்ட்காரரோ நிம்மதியாகப் படுத்திருந்தார். அவர் கட்டிலுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே நான்கே எட்டு வைக்கிற தூரம். ஊசி போட்ட அரைமணியில் எழுந்து போவார், வருவார், மறுபடி போவார். யாரையும் கேட்க வேண்டாம். அவர் முகத்தில் அப்படியொரு தெளிவு.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஒரு புது ஏற்பாடு நடந்திருந்தது. போனவர்களே திரும்பித் திரும்பி வந்தால் புதிதாக வருகிறவர்களை எங்கே படுக்க வைப்பது என்று மேலிடத்தில் கவலைப்பட்டு, வார்டில் மூத்தவரான ஒரு நர்ஸைத் தொலைபேசி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது அவர் வேலை. எல்லோரும் அவரை சிஸ்டர் என்பார்கள். உயரமானவர், குரல் அதைவிட உயரம். அவர் தொலைபேசியில் பேசினால் மறுமுனைக்குத் தொலைபேசியே தேவைப்படாது என்று டாக்டர் சொல்வதுண்டு.

லிஃப்ட்காரரையும் அவர் வாரந்தோறும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். எப்படி இருக்கீங்க என்று கேட்பார். உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேம்மா என்று பதில் வரும். உப்பு? கண்ணால பார்த்து ரொம்ப நாளாச்சும்மா. மாத்திரை?

"மாத்திரை எல்லாம் பத்திரமா இருக்கும்மா."

லிஃப்ட்காரர் பொய் சொல்லாதவர். அந்தப் பதிலும் பொய்யில்லை. சிஸ்டர்தான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது தடவை வந்தவரை வீட்டுக்கு அனுப்பியபோது சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. அவர் கணக்கில் இது மானப் பிரச்சினை. தொலைபேசியில் எல்லோரும் நல்லபிள்ளைதான், நேரில் போய்ப் பார்த்தால் தெரியும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு வேலைநாள் காலையில், பணிக்கு வரும் வழியில் பாதித் தூரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் போனால்தான் சமையல்கட்டைப் பார்க்க முடியும் என்பது அவர் திட்டம்.

மாடிப்படி ஏறி மணியை அடித்தார். கதவைத் திறந்த சின்னப் பேத்தி தலையில் துண்டோடு நின்றாள். உள்ளே ஒரு நீளமான நடை. நடையின் கோடியில் ஒரு கதவு. கதவுக்கு முன்னால் மகன் வாயில் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் மருமகள், ஒரு கையில் சோப்புப் பெட்டி, மறு கையில் கைக்கடிகாரம். பெரிய பேத்தி தரையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்கு உள்ளேயிருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது. தம்பி செல்போனோடு உள்ளே போயிருந்தான்.

நடையின் நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். பழைய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். உனக்கு பஸ் கிளம்பிடும், நீ முன்னாடி போம்மா என்று மருமகளை முன்னால் விட்டார். மகனுக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கினார். பெரிய பேத்தியைக் குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிச் சமாதானம் பேசினார். சிஸ்டரைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

அவர் மனைவிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கேட்காமலே துணி அலமாரியைத் திறந்து, நகைக்குப் பக்கத்தில் இருந்த உப்பு டப்பாவைக் காட்டிவிட்டு, சிஸ்டரைச் சமையல்கட்டுக்கு அழைத்துப்போனார். சிஸ்டர் அடுப்பிலிருந்த காயை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். மென்றார். மெல்ல மெல்ல அந்த அம்மாளின் மேல் அவருக்கு மரியாதை கூடியது. இதைத் தினமும் ஒரு குடும்பமே சாப்பிடுகிறது என்றால் இந்த வீட்டில் குற்றவாளி உப்பு இல்லை.

வாய்க்கு ருசியாக எதையாவது கொடுக்க வேண்டுமே என்று அந்த அம்மாள் ஒரு பெரிய டம்ளர் நிறைய டீ கொடுத்தார். மறுத்தால் மனம் நோகும் என்று சிஸ்டர் குடித்தார். இன்னொரு டம்ளர் வந்தது. அதையும் குடித்தார். ஏற்கெனவே வீட்டில் குடித்துவிட்டு, ஒருமணி நேரம் பஸ்ஸில் குலுங்கி வந்தவர். சற்று நேரத்தில் பேச்சில் கவனம் குறைந்தது. நாற்காலியில் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் நகர்ந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அவர் குரல் தாழ்ந்ததை அந்த வட்டாரத்தில் யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள், பாத்ரூம் எங்கே என்று கேட்டார்.

அந்த அம்மாள் நடையைக் காட்டினார்.

சிஸ்டர் போய் வரிசையில் நின்றார். உள்ளே ஆட்டம் மும்முரமாக இருந்தது; தம்பி கதவைத் திறப்பதாக இல்லை. மகன் தட்டினான். இதோ ஒரே ஓவர் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சிஸ்டர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தார். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். காலண்டரை மறுபடி முதலிலிருந்து படித்தார். தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்து நின்று, மிகவும் அன்பாக, வேறு எதையாவது நினைச்சுக்கோங்கம்மா, நான் மாடி எண்ணுவேன் என்று சொல்லிக்கொடுத்தார்.

சிஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சட்டைப் பையைப் பார்த்தார். வெள்ளைத் துணிக்குள் வட்டமாக ஒன்று தெரிந்தது.

"ஐயா, இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?"

"பையில இருக்கும்மா. பத்திரமா இருக்கு."

"எப்ப போடுவீங்க?"

"எல்லாரும் போனதுக்கப்புறம் போடலாம்னுதான் தினமும் நினைக்கிறேன். அது போட்டா அரைமணியில ஓடணும், அப்புறம் நிறுத்தாம ஓடணும். இதுங்களுக்கு நடுவுல நான் புகுந்தா யாராவது ஒருத்தருக்கு பஸ் போயிடும். எல்லாரும் கிளம்பி முடிக்க பத்து மணி ஆயிடுது. டாக்டர் காலையில போடணும்னு சொல்லியிருக்கார். பத்து மணிக்கு ஆபீஸ் நேரமே ஆரம்பிச்சிடுதேம்மா, அது எப்படிக் காலை ஆகும்? நேரந்தவறிப் போட்டா ஏதாவது ஆயிடுமோன்னு அப்படியே வெச்சிடுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் தவறாம போட்டுடுவேன். அன்னிக்கு எல்லாரும் தூங்குவாங்க."

சொல்லி முடித்ததும் மகன் வாயிலிருந்த பிரஷ்ஷை எடுத்தான். கையில் கரண்டியோடு சமையல்கட்டு வாசலில் நின்ற அந்த அம்மாள், தம் கணவரை ஏற இறங்கப் பார்த்தார். நகைப்பெட்டி, பூட்டு, இத்தனை மாதமாகக் குடும்பமே விழுங்கிய சப்பைச் சாப்பாடு, டாக்டரின் பார்வை, எல்லாம் அந்தப் பார்வையில் வந்து போயின. அவர் நேராக நடந்துபோய்க் கழிவறைக் கதவில் கரண்டியால் நாலு அடி அடித்தார்.

"வெளிய வாடா."

ஆட்டம் அந்த ஓவரோடு முடிந்தது.

முதலில் உள்ளே போனது சிஸ்டர். வெளியே வந்தபோது அவர் குரல் பழைய உயரத்துக்குத் திரும்பியிருந்தது. அந்த மாத்திரையைக் கையோடு வாங்கி, தண்ணீர் கொடுத்து, தம் கண் முன்னாலேயே லிஃப்ட்காரரை விழுங்க வைத்தார். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அரைமணி நேரம் குடும்பமே கழிவறைக் கதவை விட்டு நகர்ந்து, அவரைச் சுற்றி நின்று, வருதா, வருதா என்று கேட்டுக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் கூச்சத்தில் தரையைப் பார்த்தார். இப்படி ஆறு பேர் பார்த்தா எப்படிம்மா வரும் என்று சிஸ்டரிடம் முறையிட்டார். வந்தபோது அவர் எழுந்து ஓட, எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று எல்லோருக்கும் பஸ் போயிற்று.

அப்படியானால் உப்பு டப்பாவை இறக்கிவிடலாமா என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். சிஸ்டர் யோசித்துவிட்டு, அவருக்கு உப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும், மற்றவர்கள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்ளலாம் என்றார். இதை முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தாராம், கோபத்தில் அந்த அம்மாள் காதில் வாங்கவில்லை. இப்போது எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னாலதான் அத்தானுக்கு இப்படி ஆச்சுன்னா நான் இந்த வீட்டை விட்டே போயிடறேன் என்று நடையில் நின்று அறிவித்தான். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. பெரிய பேத்தி பையை எடுத்துத் தரட்டுமா என்றுகூடக் கேட்டாள். அவன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, அத்தான் உடம்பு இப்படி இருக்கிறபோது எப்படிப் போவது என்று தானே மனதை மாற்றிக்கொண்டான்.

சிஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது டாக்டர் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்தார். பத்து மணிக்குப் போட்டால் என்ன, பதினொன்றுக்குப் போட்டால் என்ன, சாயங்காலத்துக்குத் தள்ளாமல் தினமும் போட்டால் போதுமே என்றார். அடுத்த தடவை லிஃப்ட்காரரை நேரில் பார்த்ததும், மூன்று தடவை வந்தீர்களே, ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று ஆதங்கப்பட்டார்.

"நீங்க கால் வீங்குதா, மூச்சு வாங்குதா, நெஞ்சு அடைக்குதான்னு கேட்டீங்க. எல்லாத்துக்கும் ஒழுங்கா பதில் சொன்னேனே டாக்டர். வீட்டுல எத்தனை பாத்ரூம்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றார் லிஃப்ட்காரர். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் உண்மையாகவே சொல்லியிருப்பார்.

டாக்டர் சிரிக்கத்தான் பார்த்தார். ஆனால் சிஸ்டர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் அவர் அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். சிலர் தங்கள் வீட்டை விலைக்குக் கேட்கிறார் என்று நினைத்தார்கள். ஒரு கண்ணாடிக் கடைக்காரர் மட்டும், மூன்று பாத்ரூம் இருக்கிறது, ஆனால் மாத்திரை டப்பா மூடியைத் திறக்கிற அளவுக்குக் கைவிரலில் பலம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவரும் இரண்டு தடவை திரும்பி வந்தவர்.

லிஃப்ட்காரர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்ததெல்லாம் சோதனைக்கு மட்டும்தான். சொந்தச் செருப்பில் வந்தார். ஆனால் மாத்திரையை நேரம் மாற்றிப் போட்ட முதல் நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது.

அன்று மகனும் மருமகளும் பேத்திகளும் வழக்கம்போல ஓடினார்கள். பத்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்ததால், தம்பி வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வெளியே போயிருந்தான். வீடு ஓய்ந்து கிடந்தது. லிஃப்ட்காரர் மாத்திரையை விழுங்கினார். அவர் மனைவி காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு வந்து, நடையில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினார். இத்தனை நாளாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை.

அவர் போய்விட்டு வந்தார். மறுபடி போனார். போகும்போதெல்லாம் அந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே காலை மடக்கி வழிவிட்டு, மறுபடி நீட்டிக்கொண்டார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவர் திரும்பி வந்தபோது, அந்த அம்மாள் கையிலிருந்த சட்டையின் கழுத்துப் பட்டையை நீவிக்கொண்டே கேட்டார்.

"முதல் வாரமே ஏதோ ஆயிருக்கணும். இல்லாம நீங்க நிறுத்தியிருக்க மாட்டீங்க."

லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள். உள்ளே ஆள் இருந்தது. மாடி எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு மாடியும் எண்ணி முடித்து மறுபடி கீழேயிருந்து எண்ணினார். எண்ணிக்கை பாதியில் நின்றுவிட்டது. பெரிய பேத்தியின் தோழிகள் முன்னறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை. வேட்டியை அலசிப் போட்டுவிட்டு, தண்ணீர் கொட்டிவிட்டதாகச் சொல்லித் தரையையும் அவரே துடைத்தார்.

அந்த அம்மாள் மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தார்.

"என்கிட்ட சொல்லக் கூடாதா? நான் என்ன மூணாம் மனுஷியா?"

"உன்கிட்டதான் சொல்ல வந்தேன். உள்ள நீதானே குளிச்சிட்டிருந்த."

அந்த அம்மாள் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார். உதட்டைக் கடித்தார். பலிக்கவில்லை. தோள் குலுங்கி, மடியிலிருந்த துணியெல்லாம் சரிந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு வேறு என்று லிஃப்ட்காரருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ ரொம்ப நாளா உப்பில்லாம சாப்பிட்ட, எனக்காகத்தானே, அந்த டாக்டர்கிட்ட வேற பேச்சு வாங்கின என்று ஆரம்பித்தவர், நடுவில் முகம் மாறி, கதவைப் பார்த்தார்.

அந்த அம்மாள் காலை மடக்கிக்கொண்டார்.

"பேசிட்டே நிக்காதீங்க. போங்க முதல்ல."